ஒரு கண் மட்டும் திறக்கும் கார்: எஞ்சின் வேக்யூமின் கதை

இந்த எபிசோட்ல ஒரு கார், ஒரு ரயில், ரெண்டையும் சேர்க்கிற ஒரு கேள்வி. கார், 1968 மாடல் செவ்ரோலே கார்வெட். ரயில், 1889ல் அயர்லாந்தில் ஓடினது. கேள்வி இதுதான்: ஒரு சிஸ்டத்துக்கு சக்தி கொடுக்கிற விஷயம் திடீர்னு நின்னு போச்சுன்னா, அந்த சிஸ்டம் எந்த நிலையில் போய் நிற்கணும்?

பகல் முழுக்க கோட் எழுதுற ஆள் நான். "டிஃபால்ட் என்ன?" அப்படிங்கிற கேள்வி எனக்குத் தினமும் வரும். ஆனா அந்தக் கேள்வியோட வரலாறு கம்ப்யூட்டரில் ஆரம்பிக்கலை. அதோட ஒரு நல்ல அத்தியாயம் ரப்பர் ஹோஸுக்குள்ளே இருக்கு.

முதல்ல, வேக்யூம்னா என்ன?

வேக்யூம் இழுக்கும்னு சொல்றோம். உண்மையில் அது எதையும் இழுக்காது. நம்மைச் சுற்றி இருக்கிற காற்று, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலேயும் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடைக்குச் சமமா அழுத்திக்கிட்டே இருக்கு. எல்லாப் பக்கமும் சமமா அழுத்துறதால நமக்குத் தெரியறதில்லை. ஒரு பக்கம் காற்றை எடுத்துட்டா, மறுபக்கத்துக் காற்று தள்ளும். அவ்வளவுதான். 1650களில் ஜெர்மனியின் ஓட்டோ ஃபான் கெரிக்கே ரெண்டு செம்பு அரைக்கோளங்களை ஒட்டவைத்து, உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, குதிரைகளைப் பூட்டி இழுக்க வைத்துக் காட்டியது இதைத்தான்.

பெட்ரோல் எஞ்சின் இதே வேலையைத் தன்னை அறியாமலே செய்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று உள்ளே வர வேண்டும். ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது த்ராட்டில் வால்வு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். உள்ளே வரப் பார்க்கிற காற்று அங்கே தடைபடுகிறது. அதனால் த்ராட்டிலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இருக்கிற இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் குறைகிறது. அதுதான் எஞ்சின் வேக்யூம்.

இதைப் பாதரச இன்ச்சில் அளப்பார்கள். முழு வெற்றிடம் என்றால் கடல் மட்டத்தில் சுமார் 30 இன்ச். நல்ல நிலையில் இருக்கிற ஒரு சாதாரண பெட்ரோல் எஞ்சின், சூடான பிறகு ஐட்லிங்கில் 17 முதல் 21 இன்ச் வரை காட்டும். ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சா? த்ராட்டில் முழுக்கத் திறந்துவிடும், தடை இல்லை, வேக்யூம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்விடும். இந்த ஒரு வரியை ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி நிறைய பிரச்சினை இதிலிருந்துதான் வரும்.

இலவச சக்தி

1920களின் எஞ்சினியர் ஒருத்தரோட இடத்தில் இருந்து பாருங்க. அவங்க காரில் பேட்டரி சின்னது. சின்ன, மலிவான, நம்பகமான எலக்ட்ரிக் மோட்டார் கிடைக்கிறது கஷ்டம். ஆனா மேனிஃபோல்டில் ஒரு ஓட்டை போட்டு ஹோஸ் மாட்டினா, எஞ்சின் ஓடுற வரைக்கும் சக்தி இலவசம். யார்தான் விடுவாங்க?

முதலில் பெரிய அளவில் இதை எடுத்துக்கொண்டது வைப்பர். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் ஜான் ஓய்ஷே என்பவர் மழை நேரத்தில் கார் ஓட்டும்போது ஒரு சைக்கிள்காரர் மேல் மோதிவிட்டார். அந்த அனுபவத்துக்குப் பிறகு 1917ல் அவர் தொடங்கிய கம்பெனிதான் பின்னாளில் டிரிகோ என்று வைப்பருக்குப் பேர்போனது. ஆரம்பத்தில் அவர்கள் விற்றது கையால் தள்ளுகிற ரப்பர் துடைப்பான். 1920களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஃபோல்பர்த் சகோதரர்கள் எஞ்சின் வேக்யூமில் தானாக ஓடுகிற வைப்பரைக் கொண்டு வந்தார்கள். பிறகு பல பத்தாண்டுகளுக்கு அமெரிக்கக் கார்களில் அதுவே வழக்கமானது.

இப்போ நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன வரிக்கு வாங்க. மழை கொட்டுது. முன்னாடி ஒரு லாரி. அதை ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலரேட்டரை அழுத்தறீங்க. வேக்யூம் விழுது. வைப்பர் பாதி கண்ணாடியில் நிக்குது. மேட்டில் ஏறினாலும் இதே கதை. கண் ரொம்பத் தேவைப்படுற அந்த நொடியில்தான் அது கைவிடும். இதைச் சமாளிக்க ஃப்யூயல் பம்போடு ஒரு வேக்யூம் பம்பையும் சேர்த்துக் கட்டினார்கள். நிலைமை கொஞ்சம் மேம்பட்டது, தீரவில்லை. இருந்தும் அமெரிக்காவில் சில கார்களில் வேக்யூம் வைப்பர் 1970களின் தொடக்கம் வரை வந்துகொண்டிருந்தது.

அடுத்தது பிரேக். 1920களில் பெல்ஜியத்தின் ஆல்பர்ட் தெவாந்த்ர் வேக்யூம் சர்வோ பிரேக்கை உருவாக்கினார். 1928ல் அமெரிக்காவின் பியர்ஸ் ஆரோ கார்களில் வேக்யூம் பூஸ்டர் வந்தது. கணக்கு எளிமையானது. 23 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்ட டயாஃப்ரம். பரப்பு சுமார் 415 சதுர சென்டிமீட்டர். ஒரு பக்கம் 20 இன்ச் வேக்யூம், மறுபக்கம் சாதாரணக் காற்று. அந்த வித்தியாசம் மட்டும் கிட்டத்தட்ட 285 கிலோ அளவுக்குத் தள்ளும். உங்க கால் லேசா மிதிச்சா போதும், மீதியைக் காற்றுமண்டலம் பார்த்துக்கும்.

பூஸ்டர் வைப்பரைவிடப் புத்திசாலித்தனமாக அமைந்தது. அதில் ஒரு செக் வால்வு உண்டு. காற்று ஒரு திசையில் மட்டும் போகும். எஞ்சின் நின்றாலும் உள்ளே சேர்ந்த வேக்யூம் ஓரிரு மிதிக்குத் தாங்கும். அதுவும் தீர்ந்தால் பெடல் கல் மாதிரி ஆகும், ஆனால் பிரேக் செத்துப்போகாது. முழு பலத்தையும் உங்கள் காலே தரவேண்டும்.

அர்மா, 1889

இந்த "தீர்ந்துபோனால் என்ன ஆகும்" என்ற கேள்விக்கு ரயில்வே ரொம்பப் பெரிய விலை கொடுத்துத்தான் பதில் கண்டுபிடித்தது. கார் பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி அதைச் சொல்லியாகணும்.

1889 ஜூன் 12. அயர்லாந்தின் அர்மா ஊரிலிருந்து ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகளும் பெற்றோரும் கடற்கரைக்குச் சுற்றுலா கிளம்பினார்கள். ரயிலில் 900 பேருக்கு மேல். ஊரைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். எஞ்சினால் இழுக்க முடியவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. ரயிலை ரெண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து பின்பாதியை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

அந்த ரயிலில் இருந்தது சாதாரண வேக்யூம் பிரேக். எஞ்சின் காற்றை உறிஞ்சினால் பிரேக் பிடிக்கும். உறிஞ்சுவது நின்றால் பிரேக் விடும். பெட்டிகளைக் கழற்றிய அந்த நொடியில் பின்னாடி இருந்த பத்துப் பெட்டிகளுக்கும் வேக்யூம் போனது. மிச்சம் இருந்தது கடைசிப் பெட்டியின் கை பிரேக்கும், சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களும். முன்பாதி கிளம்பும்போது லேசாகப் பின்னால் உருண்டு இடித்தது. கற்கள் நசுங்கின. பத்துப் பெட்டிகளும் இறக்கத்தில் வேகமெடுத்து, பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு ரயிலில் மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள். அவர்களில் நிறைய பேர் குழந்தைகள்.

இதில் வேதனையான விஷயம், மாற்று வழி அப்போதே இருந்தது. தானியங்கி வேக்யூம் பிரேக் அப்படியே தலைகீழ். அதில் வேக்யூம் இருந்தால் பிரேக் விடும், வேக்யூம் போனால் பிரேக் பிடிக்கும். பைப் அறுந்தாலும், பெட்டி கழன்றாலும், ரயில் தானாக நின்றுவிடும். அதே ஹோஸ், அதே காற்று. டிஃபால்ட் மட்டும் வேறு. விபத்து நடந்து மூன்றே மாதத்துக்குள், 1889 ஆகஸ்டில், பயணிகள் ரயிலுக்குத் தானியங்கி பிரேக் கட்டாயம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

நம்ம ஊர் ரயில்களிலும் ரொம்ப காலம் இந்த வேக்யூம் பிரேக்தான் இருந்தது. அபாயச் சங்கிலியை இழுத்தா ரயில் ஏன் நின்னுச்சு? சங்கிலி எதையும் "பிடிக்க" வைக்கலை. பைப்புக்குள்ளே காற்றை விட்டுச்சு. மீதியை டிஃபால்ட் பார்த்துக்கிச்சு.

கார்வெட்டின் கண்கள்

இப்போ 1968. கார்வெட்டின் மூன்றாம் தலைமுறை அறிமுகமாகிறது. மேக்கோ ஷார்க் என்ற மாதிரிக் காரிலிருந்து வந்த, சுறா மூக்கு மாதிரி தாழ்ந்த முன்பக்கம். பிரச்சினை ஹெட்லைட். அன்றைய அமெரிக்க விதிப்படி எல்லாக் காருக்கும் நிர்ணயிக்கப்பட்ட அளவுகளில் வட்ட லைட்டுகள்தான். சுறா மூக்கில் நாலு வட்டம் வைத்தால் டிசைன் போய்விடும். அதனால் லைட்டை மறைத்து, தேவைப்படும்போது எழுப்பினார்கள்.

முந்தைய தலைமுறை கார்வெட் இதற்கு எலக்ட்ரிக் மோட்டார் வைத்திருந்தது. 1968ல் செவ்ரோலே வேக்யூமுக்கு மாறியது. அதோடு நிற்கவில்லை. வைப்பரையே ஒரு மூடிக்குக் கீழே ஒளித்து, அந்த மூடியையும் வேக்யூமில் திறக்க வைத்தார்கள். அந்த மூடி 1972 மாடல் வரைதான் நீடித்தது. மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஹோஸ், ஒரு செக் வால்வு, ஒரு சேமிப்புத் தொட்டி, டேஷ்போர்டில் சுவிட்சுகள், அங்கிருந்து ரிலே வால்வுகள், கடைசியில் லைட்டைத் தூக்கும் டயாஃப்ரம் டப்பாக்கள். காரின் மூக்கு முழுக்க ரப்பர் ஹோஸ்.

புதுசில் அழகாக வேலை செய்தது. ரப்பருக்கு வயசாகும்போதுதான் கதை ஆரம்பம். எஞ்சின் சூட்டில் ஹோஸ் காய்ந்து, விரிசல் விட்டு, ஒருநாள் சாயங்காலம் லைட்டைப் போட்டால் ஒரு கண் எழும், இன்னொன்று தூக்கக் கலக்கத்தில் பாதியில் நிற்கும். பழைய கார்வெட் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த காட்சி.

இதைச் சரிபார்க்கிற முறைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அச்சு அசல் டீபக்கிங்.

முதல் கேள்வி: தப்பு லைட்டிலா, எஞ்சினிலா? சூடான எஞ்சினில் மேனிஃபோல்டிலேயே வேக்யூம் கேஜை மாட்டணும். முள் 17 முதல் 21க்குள் ஆடாமல் நின்றால் மூலம் சரி. குறைவாக இருந்தால் ஹெட்லைட்டைத் தொடவே வேண்டாம். ஆனா ரெண்டு விஷயத்தைக் கணக்கில் எடுக்கணும். ஒன்று, உயரம்: ஆயிரம் அடிக்குச் சுமார் ஒரு இன்ச் குறையும். டென்வர் மாதிரி 5,000 அடிக்கு மேல் இருக்கிற ஊரில் 15 காட்டினால் அது நோய் இல்லை. இரண்டு, கேம் ஷாஃப்ட்: அதிக சக்திக்காக வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கிற ரேஸ் கேம் போட்டிருந்தால், ஐட்லிங் வேக்யூம் இயல்பாகவே குறைவு. ஸ்போர்ட்ஸ் கார்களில் இது அடிக்கடி நடக்கும்.

முள் எப்படி ஆடுது என்பதும் ஒரு மொழி. ஒரே சீராகக் குறைவாக நின்றால் இன்டேக் லீக் அல்லது இக்னிஷன் டைமிங் தாமதம். ஒரே தாளத்தில் டக் டக் என்று விழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. வேகத்தைக் கூட்டிப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் சைலன்சர் பக்கம் அடைப்பு. எந்த எலக்ட்ரானிக்ஸும் இல்லாத காலத்தின் லாக் ஃபைல் இது.

இரண்டாவது கேள்வி: சேமிப்பு தாங்குதா? எஞ்சினை அணைத்த பிறகும் தொட்டியில் இருக்கிற வேக்யூமில் லைட் ஒரு தடவையாவது அசையணும். அசையவில்லை என்றால் செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்க்கலாம். ரெண்டு பக்கமும் காற்று போனால் அது செத்துவிட்டது.

மூன்றாவது, பாதியாக வெட்டு. ஹெட்லைட் பக்கம் போகிற கிளை ஒன்று, வைப்பர் மூடிக்குப் போகிற கிளை ஒன்று. ஒன்றை அடைத்துவிட்டுக் கேஜைப் பார். அடைப்பதற்கு அமெரிக்கர்கள் கோல்ஃப் பந்து வைக்கிற சின்ன ஆணியைச் செருகுவார்கள். ஹோஸுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். வேக்யூம் திரும்பி வந்தால், லீக் அடைத்த பக்கத்தில். இல்லையென்றால் மற்ற பக்கத்தில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு. பைனரி சர்ச்தான்.

நான்காவது, இடம் மாற்று. வலது கண் மட்டும் எழவில்லையா? ரெண்டு பக்கத்து ரிலே வால்வுகளையும் இடம் மாற்றிப் போடு. இப்போது இடது கண் தூங்கினால் தப்பு ரிலேயில். அதே வலது கண்தான் என்றால் தப்பு டயாஃப்ரம் டப்பாவில் அல்லது அதற்குப் போகிற ஹோஸில். டப்பாவில் கை பம்பை மாட்டிக் காற்றை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தால் உறுதியாகிவிடும். முள் இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கு, அல்லது ராட் வெளியே வருகிற இடத்து சீல் போயிருக்கு.

கடைசியாக, வேக்யூம் எல்லாம் சரி, ஆனாலும் லைட் மெதுவா எழுதா? கையால தூக்கிப் பாருங்க. இணைப்புகளில் துரு பிடித்திருக்கலாம். எல்லாத் தப்பும் ஹோஸில்தான் இருக்கும்னு அவசியம் இல்லை.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும், லைட் மெதுவா எழுந்தா என்ன போச்சு? விஷயம் லைட்டோட நிக்காது. எல்லா ஹோஸும் ஒரே மேனிஃபோல்டில்தான் போய்ச் சேருது. ஒரு லீக் வழியா கார்ப்யூரேட்டர் கணக்கில் வராத காற்று உள்ளே போனா கலவையில் பெட்ரோல் குறையும். ஐட்லிங் தடுமாறும். அதே மேனிஃபோல்டில்தான் பிரேக் பூஸ்டரும் தொங்குது.

விதி எண் 112

அமெரிக்க அரசு இதைக் கவனித்தது. 1969 ஜனவரி 1 முதல் ஃபெடரல் வாகனப் பாதுகாப்பு விதி எண் 112 நடைமுறைக்கு வந்தது. மறைக்கும் ஹெட்லைட்டுகளுக்கு மட்டுமான விதி. லைட் எரியும்போது சக்தி போனாலும், திறந்த மூடி திறந்தேதான் இருக்கணும். மூடியிருக்கும்போது பழுதானால், எந்தக் கருவியும் இல்லாமல் திறக்க ஒரு வழி இருக்கணும்.

படிச்சவுடனே எனக்கு அர்மாதான் ஞாபகம் வந்தது. சட்டம் எழுதினவங்க "லீக் ஆகக்கூடாது"ன்னு எழுதலை. ரப்பர் கட்டாயம் லீக் ஆகும்னு அவங்களுக்குத் தெரியும். லீக் ஆனா எந்தப் பக்கம் விழணும் என்பதை மட்டும் எழுதினாங்க.

இதன் தெளிவான உதாரணம் 1970களின் லிங்கன் கார்கள். அவற்றில் ஸ்பிரிங் மூடியைத் திறக்கப் பார்க்கும். வேக்யூம்தான் அதை மூடி வைத்திருக்கும். அதனால் ஹோஸ் பழசான லிங்கனை ராத்திரி நிறுத்திவிட்டுப் போனால், காலையில் கண்ணைத் திறந்துகொண்டு நிற்கும். பார்க்கச் சிரிப்பா இருக்கும். ஆனா யாரையும் இருட்டில் விடாது.

ஹோஸ் காடும் அதன் முடிவும்

1970ன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு புகைக் கட்டுப்பாட்டுக்கும் வேக்யூமையே நம்பினார்கள். அடுத்த 15 வருஷத்தில் எஞ்சின் மேல் நூடுல்ஸ் கொட்டின மாதிரி ஹோஸ். பானெட்டுக்கு உள்பக்கம் எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று படம் ஒட்டி விற்றார்கள். 1980களின் கார்ப்யூரேட்டர் ஹோண்டாக்களின் படத்தைப் பார்த்தால் மெட்ரோ மேப் தோற்றுவிடும்.

பிறகு சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்தன. 1984 கார்வெட்டில் ஹெட்லைட் மறுபடி எலக்ட்ரிக் மோட்டாருக்குப் போனது. 1996 முதல் அமெரிக்கக் கார்களில் ஓபிடி 2 கட்டாயமானது. வேக்யூம் லீக் இருந்தால் பெரும்பாலும் பி0171 என்ற கோட் வரும், கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். ஆனால் அந்தக் கோட் எந்த ஹோஸ் என்று சொல்லாது. அதுக்கு இன்னைக்கும் பாதி பாதியா வெட்டித்தான் ஆகணும். இல்லைன்னா புகையை உள்ளே விட்டு எங்கே வெளியே வருதுன்னு பார்க்கணும்.

பிரேக் பூஸ்டர் மட்டும் இன்னும் நம்மோடு இருக்கு. டீசல் காரில் பெட்ரோல் மாதிரி த்ராட்டில் தடை இல்லாததால், அதற்கென்றே தனி வேக்யூம் பம்ப் வைப்பார்கள். எலக்ட்ரிக் காரில் எஞ்சினே கிடையாது. அங்கே எலக்ட்ரிக் பம்போ மோட்டார் பூஸ்டரோ அந்த வேலையைச் செய்கிறது.

உங்க வீட்டில் வேக்யூம் பூஸ்டர் இருக்கிற கார் இருந்தா, நாளைக்கு ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க. சமதளத்தில், எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது, பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிங்க. பெடல் கெட்டியாகும். அப்படியே அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் காலுக்கடியில் லேசா இறங்கணும். இறங்கலைன்னா தள்ளிப்போடாம மெக்கானிக்கிட்ட காட்டுங்க. ஓடிக்கிட்டிருக்கும்போது எஞ்சின் நின்னுட்டா, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீங்க. ஒவ்வொரு மிதியும் மிச்சமிருக்கிற வேக்யூமைச் செலவு பண்ணும். ஒரே அழுத்தா அழுத்தி ஓரம் கட்டுங்க.

நீங்க எழுதுற கோடா இருக்கட்டும், வீட்டு லிஃப்டா இருக்கட்டும், கரண்ட் போனா, நெட்வொர்க் போனா, அது எங்கே போய் நிற்கும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதில் சொல்ல ஆளில்லைன்னா, அந்த டிஃபால்ட்டை யாரும் தேர்ந்தெடுக்கலை, அது தானா அமைஞ்சிருக்குன்னு அர்த்தம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.